ஹெலிக்குள் இருந்து முருகனைக் கூப்பிட்ட நாள்

முருகன் அடியார்கள் எல்லோருக்கும் வணக்கம். இதை எழுதும்படி என் மனைவி மலர் நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நான்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பயத்தால் அல்ல, வெட்கத்தால். என் குடும்பத்தைச் சாவின் வாசல் வரை கொண்டுபோனது வேறு யாருமில்லை, நான்தான். அங்கிருந்து திருப்பிக் கொண்டுவந்தது முருகன். இரண்டாவதை மட்டும் சொல்லி முதலாவதை மறைத்தால் அது அவனுக்குச் செய்யும் துரோகம்.

நான் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறேன். வீடு குரோருட்டில். மலர் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறாள். எங்களுக்கு ஒரே மகள், அபிநயா. 2003ஆம் ஆண்டு கோடையில் மலரின் அண்ணன் ரவீந்திரன் திருகோணமலையில் இருந்து எங்களைப் பார்க்க வந்தார். பள்ளிக்கூட ஆசிரியர். ஊரில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. பதினாறு வருடத்துக்குப் பிறகு அண்ணனும் தங்கையும் விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து அழுதபோது, பதின்மூன்று வயது அபிநயா என்ன செய்வதென்று தெரியாமல் பெட்டி தள்ளும் வண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

மச்சான் வந்த மூன்றாம் நாள் பின்னேரம் எங்கள் பல்கனியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். நோயாளி ஏற்றும் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து போனது. திரும்பிப் பார்த்தால் மச்சானைக் கதிரையில் காணவில்லை. பல்கனிச் சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார். கை இரண்டும் தலைக்கு மேல். தேநீர் நிலமெல்லாம் சிந்திக் கிடந்தது. அபிநயா சிரித்தாள். அவருடைய முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

எங்கள் ஊர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஹெலி மேலே இருந்து சுடும்; சத்தம் கேட்டால் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் ஓட வேண்டும். நான் நாட்டை விட்டு வந்ததால் என் உடம்பு அதை மறந்திருந்தது. மச்சானின் உடம்பு மறக்கவில்லை.

அன்றைக்கு நான் ஒரு முடிவு எடுத்தேன்.

"மச்சான், உங்களை நான் ஹெலியில ஏத்தப் போறன்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறீர்?" என்று அவர் சிரித்தார்.

"இல்லை. மேற்குப் பக்கம் மலையெல்லாம் சுத்திக் காட்டுறாங்கள். ஒருக்கா மேல இருந்து கீழ பாத்தீங்கள் எண்டால் உந்தப் பயம் போயிடும்."

மலருக்கு விருப்பமில்லை. "எனக்கு அந்தச் சத்தமே ஆகாது. போறதெண்டால் நீங்கள் போங்கோ. நான் கீழ நிக்கிறன்" என்றாள். மச்சான் ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விருந்தாளி அல்லவா. நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர் திரும்பிப் போவதற்கு முதல் நாள் சனிக்கிழமைக்குப் பதிவு செய்தேன். ஒஸ்லோவில் இருந்து காரில் ஆறு மணித்தியாலம். இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் நீளமாக உள்ளே வந்து முடியும் ஒரு சின்ன ஊர். மரத்தால் கட்டிய ஒரு அலுவலகம், அதன் பின்னால் புல்வெளி, அதில் ஒரேயொரு ஹெலி. இங்கர் என்ற பெண் அலுவலகத்தைப் பார்த்துக்கொண்டார். விமானி எரிக். முப்பது வயது இருக்கும்.

காலையில் எரிக் எங்களை ஒவ்வொருவராகத் தராசில் ஏற்றி நிறை பார்த்தான். யார் எங்கே இருப்பது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்வானாம். பெல்ட் எப்படிப் போடுவது, எப்படிக் கழற்றுவது, உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று காட்டினான். முன்பக்கமாகத்தான் கிட்ட வர வேண்டும், குனிந்து வர வேண்டும், வால் பக்கம் போகவே கூடாது என்று இரண்டு முறை சொன்னான். மச்சான் முதலாம் வகுப்புப் பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு எரிக் வெளியே போய் மலையைப் பார்த்துவிட்டு வந்து, "கொஞ்சம் பொறுப்போம்" என்றான்.

பொறுத்தோம். பன்னிரண்டு மணிக்கும் பொறுத்தோம். இரண்டு மணிக்கு அவன் வந்து சொன்னான். "மன்னிக்க வேண்டும். இன்றைக்கு முடியாது. மேலே மேகம் இறங்கிக்கொண்டிருக்கிறது. நாளைக் காலை வந்தால் கூட்டிப் போகிறேன்."

நாளை மச்சானுக்கு விமானம். எனக்குள் ஏதோ ஒன்று சூடாக எழும்பியது. நான் கெஞ்சினேன். பத்து நிமிடம் போதும் என்றேன். இவர் எங்கிருந்து வந்திருக்கிறார் தெரியுமா என்றேன். எரிக் பொறுமையாகத் தலையை ஆட்டி மறுத்தான். அப்போது நான் ஒரு பொய் சொன்னேன்.

"பக்கத்து ஊர்க் கொம்பனியின் ஹெலி இன்று காலையில் இந்த மலையைத் தாண்டி வந்ததே. நாங்கள் வழியில் கண்ணால் பார்த்தோம். அவர்களால் முடியும், உங்களால் முடியாதா?"

அப்படி ஒரு ஹெலியும் வரவில்லை. பக்கத்தில் நின்ற அபிநயா என்னை நிமிர்ந்து பார்த்தாள். எரிக்கின் முகம் சிவந்தது. அந்தக் கோடையில்தான் அவனுக்கு அங்கே வேலை கிடைத்ததென்று பிறகு அறிந்தேன்.

நான் அலுவலகத்துக்குப் பின்னால் போய் நின்று கும்பிட்டேன். "முருகா, இந்த மேகத்தை ஒருக்கால் விலக்கி விடு." அடியார்களே, சொன்னால் நம்ப மாட்டீர்கள், கால் மணித்தியாலத்தில் மலையுச்சிக்கு மேலே நீலம் தெரிந்தது. எரிக் வெளியே வந்து நீண்ட நேரம் பார்த்தான். எங்கேயோ தொலைபேசியில் கேட்டான். "குறுகிய சுற்று. பதினைந்து நிமிடம். மேலே எனக்குப் பிடிக்கவில்லை என்றால் திரும்பிவிடுவேன்" என்றான்.

நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். முருகனும் என் பக்கம் என்று நினைத்தேன்.

அபிநயா முன்னால் எரிக்குக்குப் பக்கத்தில். நானும் மச்சானும் பின்னால். காதில் பெரிய கருவி, வாய்க்கு முன்னால் ஒலிவாங்கி. ஒருவர் பேசினால் நால்வருக்கும் கேட்கும். ஹெலி கிளம்பியபோது மச்சான் என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொந்தது. கண்ணை இறுக்கி மூடியிருந்தார். கடலுக்கு மேலே வந்ததும் மெதுவாகத் திறந்தார். கரையில் ஆட்கள் நின்றார்கள். எங்களை அண்ணாந்து பார்த்துக் கை காட்டினார்கள்.

"மச்சான்," என்றார். "கீழ ஒருத்தரும் ஓடேல்லை."

அவர் என் கையை விட்டார். கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு அழுதார். அந்த நிமிடத்தை நான் இன்றைக்கும் பொய் என்று சொல்ல மாட்டேன். அதை எந்த வழியில் வாங்கினேன் என்பதுதான் பிழை.

மலைக்கு மேலே தட்டையான பெரிய வெளி. ஆடி மாதத்திலும் பனி கிடந்தது. அதன் மேல் ஒரு வட்டம் போட்டுத் திரும்பும்போது எரிக் பேச்சை நிறுத்தினான். அதுவரை இது இந்த ஆறு, அது அந்த மலை என்று சொல்லிக்கொண்டு வந்தவன். நாங்கள் வந்த வழியை மேகம் அடைத்துவிட்டிருந்தது.

பிறகு எல்லாம் வெள்ளையாகிவிட்டது. மேலே மேகம் வெள்ளை, கீழே பனி வெள்ளை. எது மேல், எது கீழ் என்று என்னால் சொல்ல முடியவில்லை. வேகம் குறைந்தது. எரிக் ரேடியோவில் கூப்பிட்டான். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டான். பின்னால் இருந்த எனக்கு அவனுடைய கழுத்து தெரிந்தது. அவ்வளவு குளிரிலும் வியர்த்திருந்தது.

அபிநயா திரும்பிப் பார்க்கவில்லை. "அப்பா" என்று மட்டும் சொன்னாள். அந்த ஒரு சொல்லில் எனக்கு உயிர் போய்விட்டது.

முருகா, முருகா, முருகா. வேறு ஒன்றும் வரவில்லை. பிள்ளையைக் காப்பாற்று, நான் போனாலும் பரவாயில்லை, பிள்ளையைக் காப்பாற்று. கீழே நின்ற மலர் நினைவுக்கு வந்தாள். அண்ணன், மகள், புருஷன் மூவரையும் ஒரே பெட்டிக்குள் ஏற்றி அனுப்பிவிட்டு நிற்கிறாள்.

அப்போது எரிக்கின் குரல் காதில் கேட்டது. "இடது பக்கம் ஒரு கணவாய் இருக்கிறது. காலையில் வந்த ஹெலி அதன் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். அங்கே திறந்திருக்கலாம். போய்ப் பார்க்கிறேன்."

காலையில் வந்த ஹெலி. நான் உண்டாக்கிய ஹெலி.

நான் முருகனைக் கூப்பிடுவதை நிறுத்தினேன். நிறுத்தினேன் என்றில்லை, நின்றுவிட்டது. உள்ளே ஒரு வெறுமை. அந்த வெறுமைக்குள் ஒரு சொல் வந்தது. "சொல்லு." காதில் கேட்டதா, மனதில் கேட்டதா, எனக்குத் தெரியாது. கட்டளை மாதிரி இருக்கவில்லை. ஆசுபத்திரியில் தாதி பிள்ளையிடம் எங்கே நோகிறது என்று கேட்கும் குரல் மாதிரி இருந்தது.

"எரிக், நான் பொய் சொன்னேன்," என்றேன். "காலையில் ஒரு ஹெலியும் வரவில்லை. அந்த வழி திறந்திருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. எங்களுக்காகத் திரும்பிப் போகப் பார்க்க வேண்டாம். எங்கேயாவது இறக்கிவிடு. எவ்வளவு நேரமானாலும் இருக்கிறோம்."

அவன் என்னைத் திட்டவில்லை.

"சரி. இறங்குகிறோம். எல்லோரும் கீழே பாருங்கள். கறுப்பாக எது தெரிந்தாலும் உடனே சொல்லுங்கள்."

மூவரும் வெள்ளையைப் பார்த்தோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. மச்சான் வாய்க்குள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அவரும் முருகனைத்தான் கூப்பிட்டாரென்று பிறகு சொன்னார்.

"டேர்! அங்கை! கல்லு!" என்று நோர்வே மொழியான நோர்ஸ்கும் தமிழும் கலந்து அபிநயா கத்தினாள்.

வலது பக்கம், கறுப்பாக ஒரு கற்குவியல். எரிக் அதிலிருந்து கண்ணை எடுக்காமல், அங்குலம் அங்குலமாகக் கீழே வந்தான். ஒரு முறை இடித்தது. ஒரு பக்கம் பனிக்குள் புதைந்து சரிந்தது. பிறகு நின்றது. இயந்திரத்தை நிறுத்தினான். அவ்வளவு அமைதியை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை.

இறங்கிப் போய்ப் பார்த்தோம். மலையில் நடப்பவர்கள் வழி தெரிவதற்காகக் குவித்த கற்கள் அவை. நடுவில் ஒரு நீண்ட தடி செருகியிருந்தது. குளிர்காலத்தில் கல் பனிக்குள் மறைந்தாலும் தடி தெரிய வேண்டும் என்று எரிக் விளக்கினான். அவன் சொன்னது சரிதான். ஆனால் என் கண்ணுக்கு அது வேல். அந்தப் பனியில் முழங்காலில் விழுந்து கும்பிட்டேன். எரிக் மறுபக்கம் திரும்பி நின்றான், எங்களைத் தனியாக விடுவதற்காக.

மூன்றரை மணித்தியாலம் அங்கே இருந்தோம். அவசரப் பையில் போர்வையும் சொக்லேட்டும் இருந்தன. நாங்கள் இருக்கும் இடத்தை வானத்துக்கு அறிவிக்கும் ஒரு சின்னப் பெட்டியை எரிக் இயக்கிவிட்டான். மச்சான் தன் சுவெட்டரைக் கழற்றி அபிநயாவுக்குப் போட்டார்.

அங்கே வைத்துத்தான் அவள் கேட்டாள். "அப்பா, நீங்கள் ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"மாமாவுக்குக் காட்டவெண்டு, பிள்ளை."

"மாமா கேட்டவரா?"

மச்சான்தான் பேசினார். "நான் கேக்கேல்லை, பிள்ளை. ஆனா மாட்டன் எண்டும் சொல்லேல்லை. அதுவும் ஒரு பிழைதான்."

எரிக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் பனியைக் காலால் கிளறிக்கொண்டு சொன்னான்: "முடியாது என்று சொன்னது நான். பிறகு சரி என்று சொன்னதும் நான். நீங்கள் என்ன சொன்னாலும் நான் முதல் சொன்னதில் நின்றிருக்க வேண்டும். அது என்னுடைய வேலை."

கீழே நடந்ததை மலர் பிறகு சொன்னாள். பதினைந்து நிமிடம் நாற்பது நிமிடம் ஆனதும் இங்கர் மீட்புப் படையை அழைத்திருக்கிறார். மலரிடம் ஒன்றையும் மறைக்கவில்லை. "அவர்கள் எங்கே என்று தெரியவில்லை. தேடப் போகிறார்கள். நான் உங்களோடு இருக்கிறேன்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டாராம். மலர் அந்தப் புல்வெளி ஓரத்தில், மழைத்தூறலில், மலையைப் பார்த்தபடி நின்றிருக்கிறாள். சின்ன வயதில் இருந்து ஹெலிச் சத்தம் கேட்கக் கூடாது என்று வேண்டியவள்.

"முருகா, எனக்கு அந்தச் சத்தத்தைக் கேக்கப் பண்ணு எண்டு கும்பிட்டன்" என்றாள். "அது ஒண்டைத்தான் கேட்டனான். வேற ஒண்டும் கேக்கேல்லை."

ஆறரை மணிக்கு மேகம் கொஞ்சம் உயர்ந்தது. மீட்பு ஹெலி எங்களைக் கண்டுபிடித்து ஏற்றிக்கொண்டு வந்து அந்தப் புல்வெளியில் இறங்கியது. நாங்கள் கதவைத் திறந்தபோது மலர் அந்தச் சத்தத்துக்குள் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியபடி நின்றாள். காது பொத்தவில்லை. ஓடவில்லை. அபிநயா ஓடிப்போய் அவளுடைய வயிற்றில் முகத்தைப் புதைத்தாள்.

எரிக் என்னை அலுவலகத்துக்குள் கூப்பிட்டுச் சுவரில் இருந்த வரைபடத்தைக் காட்டினான். அந்தக் கணவாயின் குறுக்கே, ஒரு மலையில் இருந்து மற்ற மலைக்கு, ஒரு மெல்லிய கோடு. மின்கம்பி. "அது இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் மேகத்துக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. வழி தேடிக்கொண்டு நான் அந்த உயரத்துக்குத்தான் இறங்கியிருப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை மச்சானை விமான நிலையத்துக்குக் கொண்டுபோனோம். உள்ளே போகுமுன் என்னிடம் சொன்னார். "பயம் போயிட்டுது எண்டு சொல்லமாட்டன், மச்சான். ஆனா இனி அந்தச் சத்தம் கேட்டால், கை காட்டின ஆக்களும் நினைவுக்கு வருவினம்."

எரிக் நடந்ததை அப்படியே எழுதி, விமானப் பறப்பைக் கண்காணிக்கும் அதிகாரிகளுக்கு அனுப்பினான். யாரும் கேட்காமலேயே அனுப்பினான். நானும் என் பொய்யை எழுதி அனுப்பினேன். அபிநயாதான் என் நோர்ஸ்க் எழுத்துப் பிழைகளைத் திருத்தினாள். அந்தப் பொய் இருந்த வரியில் மட்டும் ஒரு பிழையும் இல்லை என்றாள். அவள் என்னோடு பழையபடி கதைக்க இரண்டு வாரம் ஆனது. நான் அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் அதுவே முதல் தரம்.

அந்த இலையுதிர் காலத்தில் இங்கரிடம் இருந்து கடிதம் வந்தது. விமானி ஒருமுறை முடியாது என்று சொன்னால், அன்றைக்கு யாரும் அதைப் பற்றி மறுபடி பேசக் கூடாது என்று அலுவலகத்தில் விதி வைத்துவிட்டார்களாம். கதவிலும் எழுதி ஒட்டியிருக்கிறார்களாம்.

என் வேலையும் மாறியது. முன்பெல்லாம் வீதி உறைந்து வழுக்கும் நாட்களில் பஸ்ஸுக்குள் ஆட்கள் நேரமாகிறது என்று முணுமுணுத்தால் நான் துணிந்து ஏற்றத்தில் ஏறுவேன். இப்போது மணல் போடும் லொறி வரும் வரை நிற்கிறேன். ஏசுகிறார்கள். ஏசட்டும். எரிக்கின் கழுத்தில் நான் கண்ட வியர்வையை இன்னொருவருடைய கழுத்தில் காண எனக்கு விருப்பமில்லை.

பலர் என்னிடம் கேட்கிறார்கள், இனி ஹெலியில் ஏறுவீர்களா என்று. ஏறுவேன். நல்ல வானிலையில், நல்ல விமானியோடு, அது அழகான காட்சி. நீங்களும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம். ஆனால் நிறையைக் குறைத்துச் சொல்லாதீர்கள். அவர்கள் சொல்லித் தருவதைப் பகிடி பண்ணாமல் கேளுங்கள். இன்றைக்கு முடியாது என்று விமானி சொன்னால், அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்கு வாருங்கள்.

இன்னொரு கேள்வி எனக்குள் நெடுநாள் இருந்தது. மேகம் விலக வேண்டும் என்று கேட்டேன், விலகியது. அதுவும் முருகன் தந்ததா? இப்போது எனக்கு ஒரு விடை இருக்கிறது. அது வெறும் வானிலை. என் ஆசைக்கு நான்தான் அருள் என்று பெயர் வைத்தேன். அவன் தந்தது, நான் கேட்காத ஒன்று. உண்மையைச் சொல்லும் வாயை, சரியான நிமிடத்தில் தந்தான். அதனால் நான்கு பேர் உயிரோடு இருக்கிறோம்.

அடியார்களே, உங்களில் யாராவது இப்போது வழி தெரியாத வெள்ளைக்குள் நிற்கலாம். நோயாக இருக்கலாம், குடும்பப் பிரச்சினையாக இருக்கலாம், அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வராமல் இருக்கலாம். அவனைக் கூப்பிடுங்கள். கூப்பிட்டு முடிந்ததும் கொஞ்சம் பேசாமல் இருங்கள். அவனுக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். அது உங்களுக்குப் பிடிக்காததாகவும் இருக்கலாம். பயப்படாமல் கேளுங்கள்.

ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் நாங்கள் கோயிலில் அர்ச்சனை செய்கிறோம். முதல் வருடம் ஐயர் எல்லோருடைய பெயரும் நட்சத்திரமும் கேட்டு வந்தார். கடைசியாக எரிக் என்றேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "நட்சத்திரம்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. வெளியே வந்து எரிக்குக்குத் தொலைபேசி எடுத்தேன். அவன் சிரித்தான், பிறகு தன் தாயிடம் கேட்டு, பிறந்த திகதியையும் நேரத்தையும் நிமிடத்தோடு சொன்னான். மலர் பஞ்சாங்கத்தைப் பார்த்து ஐயரிடம் போனாள்.

"பூச நட்சத்திரம், ஐயா" என்றாள். "எங்கட வீட்டுப் பிள்ளை எண்டு சொல்லிச் செய்யுங்கோ."